‘மை பேட்’ எழுதியவரும் எழுதச் சொன்னவனும்

காலை 6.10, திண்டிவனம்.

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் பட்டு எடுக்கப் போவார்கள், இல்லாவிட்டால் சாமி கும்பிடப் போவார்கள். நான் சண்டை போடப் போனேன். ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், வந்தவாசி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எழுபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் அறுபத்தெட்டு ரூபாய். எழுபது கொடுத்தேன். மீதியை இறங்கும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார் கண்டக்டர். இறங்கும்போது அவர் பின்படியில் நின்றார், நான் முன்படியில் தள்ளப்பட்டேன். எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம். உண்மையில் அது நான்கு நாட்களுக்கு முன்பே ஆரம்பித்தது.

நான் ஒரு அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மூன்று வருடத்துக்கு முன் ‘தெருப்பேச்சு இங்கிலீஷ்: நூற்றிருபது சொற்கள்’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டேன். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிற இங்கிலீஷை வைத்துக்கொண்டு யாரிடமும் பேச முடியாது என்று எனக்கு நெடுநாள் கோபம். ‘ஹவ் டூ யூ டூ’ என்று இப்போது யார் கேட்கிறார்கள்? ஆகவே ‘வாட்ஸ் அப்’, ‘நோ வொரீஸ்’, ‘மை பேட்’, ‘கோயிங் டூ’வைச் சுருக்கின ‘கானா’, ‘வான்ட் டூ’வைச் சுருக்கின ‘வானா’ என்று வெளிநாட்டுக்காரர்கள் சாதாரணமாகப் பேசுகிற சொற்களைத் திரட்டி, தமிழில் பொருளும் எழுதி, அறுபது ரூபாய்க்குக் கொடுத்தோம். பஸ் ஸ்டாண்டுகளில் சீப்பு, சார்ஜர் ஒயர் இவற்றுக்கு நடுவே தொங்கும். நன்றாகப் போயிற்று. பதிப்பாளர் பின்னட்டையில் என் போன் நம்பரையும் போட்டுவிட்டார்.

அந்த நம்பருக்குத்தான் நான்கு நாட்களில் ஐந்து தடவை ஒரு பெண் பேசினார். பெயர் எஸ்தர். காஞ்சிபுரத்தில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை.

“சார், நீங்க எழுதன புக்குல இருந்து ஒரு வார்த்த எழுதினேன். அதால எனக்கு வேல போவுது. நீங்க நேர்ல வந்து எங்க மேனேஜர்கிட்ட சொல்லணும் சார்.”

“ஏம்மா, புக்குல இருக்கறத நீங்க தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?”

“தப்பாப் புரிஞ்சிக்கில சார். செவ்வாக்கெழம அஞ்சி மணிக்குள்ள கையெழுத்துப் போடுன்னு லெட்டர் குடுத்துட்டாங்க. வாங்க சார்.”

என் புத்தகத்தின் மேல் பழியா? ஒரு தப்பு வராமல் நான்கு முறை மெய்ப்புப் பார்த்த புத்தகம் அது. நேரில் போய், மேனேஜருக்கும் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து உறைக்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவதென்று கிளம்பினேன். பக்கத்து சீட்டுக்காரர் வந்தவாசி வரைக்கும் செல்போனில் சத்தமாக ஏதேதோ பார்த்துக்கொண்டு வந்தார். நடுநடுவே ‘முப்பது நாளில் ஆங்கிலம்’ விளம்பரம் வேறு. முறைத்துப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு வால்யூமைக் கூட்டினார்.

காலை 8.35, செவிலிமேடு.

வந்தவாசி ரோட்டிலிருந்து காஞ்சிபுரத்துக்குள் நுழைய பாலாற்றைத் தாண்ட வேண்டும். பெயரில் பாலும் இருக்கிறது, ஆறும் இருக்கிறது. பாலத்துக்குக் கீழே முள்செடியும் மணலும்தான். அக்கரை ஏறியதும் செவிலிமேடு. புதுப் புது வீடுகள், சுவருக்குச் சுவர் வாடகைக்கு என்ற போர்டு, வேலைக்கு ஓடுகிறவர்களின் வரிசை.

ஸ்டாப்பிலேயே எஸ்தர் நின்றிருந்தார். முப்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சுடிதார், கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். பக்கத்தில் ஆட்டோவோடு அவருடைய தெருக்காரர் அன்வர் பாய். “சலாம் சார். மொதல்ல நாஸ்தா சாப்பிடுங்க, அப்பறம் பேசிக்கலாம்” என்று எதிரிலிருந்த டிபன் கடைக்குக் கூட்டிப்போனார். இரண்டு இட்லி இருபது ரூபாய், வடை பத்து, காபி பதினைந்து. காபி வாயில் வைக்கிற மாதிரி இல்லை.

நடந்ததை எஸ்தர் சொன்னார். ஹோட்டலில் ஒரு வெளிநாட்டு அம்மாள் தங்கியிருக்கிறார். புதிதாக எடுத்த பட்டுப் புடவையை வியாழக்கிழமை ராத்திரி இஸ்திரிக்குக் கொடுத்தார். காலையில் திரும்பி வந்தபோது, கரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகல். அவர் அதை போட்டோ எடுத்து ஹோட்டலின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பியிருக்கிறார். காலை ஆறு மணி ஷிப்டுக்கு அப்போதுதான் வந்து உட்கார்ந்த எஸ்தர், ‘மை பேட்! நோ வொரீஸ், வீ வில் ஃபிக்ஸ் இட்’ என்று பதில் போட்டார்.

“மேனேஜர் அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து மெட்ராசுல ஓனருக்கு அனுப்பிட்டாரு சார். நான்தான் பொடவைய எரிச்சேன், நானே எழுத்துல ஒத்துக்கினேன்னு. அன்னிலருந்து என்ன டியூட்டிக்கு வராதன்ட்டாரு. நான்தான் எரிச்சேன், அதனால வேலைய விடறேன்னு லெட்டர் அடிச்சி வெச்சிருக்காரு. அதுல கையெழுத்துப் போட்டா இந்த ஊருல எந்த ஹோட்டலும் என்ன உள்ள சேத்துக்காது. கெஸ்ட்டு சாமான கெடுத்தவன்னு பேரு வந்துடும்.”

“போடலைன்னா?”

“கெஸ்ட்ட வெச்சி போலீசுல கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்றாரு.”

எனக்கு எஸ்தர் மேல்தான் முதலில் கோபம் வந்தது. “நீங்க தொடவே இல்லாத புடவைக்கு ‘என் தப்பு’ன்னு எதுக்கும்மா எழுதினீங்க? புத்தகத்துல பொருள் தெளிவாத்தானே போட்டிருக்கேன்?”

எஸ்தர் இட்லியைத் தள்ளி வைத்தார். “எங்க வீட்டுல தறி போடறாங்க சார். கோர்வை பொடவ. உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ஒருத்தரால நெய்ய முடியாது. எங்க அப்பா நூல் வெச்ச நாடாவ நடுவுல குறுக்கால ஓட்டுவாரு, எங்க அம்மா பக்கத்துல ஒக்காந்து கரைக்கி நாடா போடும். எழ அறுந்தா, யாரு மொதல்ல பாத்தாங்களோ அவுங்க ‘என் கை’ன்னு சொல்லிட்டு முடிச்சிப் போட்டுடணும். யாரால அறுந்துதுன்னு கேக்கவே கூடாது. கேட்டுக்கினு இருந்தா அன்னிக்கித் தறி நின்னுடும். பொறந்ததுலேர்ந்து அப்டித்தான் சார் எங்க வீட்டுல. உங்க புக்குல மை பேட்னு படிச்சதும், ஓ, இங்கிலீஷ்காரங்களும் ‘என் கை’ சொல்றாங்கன்னு நெனச்சேன். போட்டோவ மொதல்ல பாத்தது நான்தான. அதான் எழுதினேன்.”

ஒரு வீட்டில் யாரும் யாரையும் ‘உன் தப்பு’ என்று சொல்லாமல் முப்பது வருஷம் ஓட்டியிருக்கிறார்கள். என் வீட்டில் பால் பொங்கினால்கூட யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்போம். காபி மோசம் என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

காலை 10.20, ஹோட்டல்.

செவிலிமேட்டிலிருந்து ஹோட்டலுக்கு நூறு ரூபாய் என்பது ஆட்டோ ரேட். அன்வர் பாய் வாங்கமாட்டேன் என்றார், வற்புறுத்திக் கொடுத்தேன். காந்தி ரோட்டில் கால் வைத்ததுமே மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். “சார், தறி பாக்கறீங்களா? டைரக்ட் வீவர் ரேட்டு சார்.” எனக்கு வேண்டாம் என்று மூன்று பேரிடமும் மும்மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது.

ஹோட்டல் பெயர் இங்கே வேண்டாம். லாபியில் ஒரு தறியைக் கொண்டுவந்து கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். பாதி நெய்த புடவையின் மேல் பிளாஸ்டிக் ரோஜாக்கள். தொடாதீர்கள் என்று போர்டு. தறியில் வளர்ந்த பெண்ணை வெளியே அனுப்பப் பார்க்கிறார்கள், தறியை மட்டும் லாபியில் நிறுத்தி விருந்தாளிக்குக் காட்டுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேனேஜருக்கு நாற்பது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் எழுந்து கை கொடுத்தார். “வெல்கம் சார். ரைட்டர் நேர்லயே வந்திருக்கீங்க. சில் பண்ணுங்க சார், காபி சொல்றேன்.” ‘சில்’ என் புத்தகத்தில் பன்னிரண்டாவது சொல். மேஜை மேல் என் புத்தகமே இருந்தது. எஸ்தருடைய பிரதி. அவர் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார்.

‘மை பேட்: என் தப்பு. ஸாரிக்குப் பதிலாகத் தோழமையுடன் சொல்வது. இப்படிச் சொன்னால் எந்த வெளிநாட்டுக்காரரின் கோபமும் பறந்துவிடும்.’

“என் தப்புன்னு நீங்களே அச்சுல போட்டிருக்கீங்க. இவங்க அத எழுதியிருக்காங்க. இதுல நான் இன்னா சார் செய்ய முடியும்?”

“அது ஒரு மரியாதைக்குச் சொல்றதுங்க. குற்றத்தை ஒத்துக்கறது இல்லை.”

“அப்டின்னு புக்குல எங்க இருக்குது?”

இல்லை. நான்கு முறை மெய்ப்புப் பார்த்தும் இல்லை.

அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். “சிம்பிள் சார். என் புக்குல எழுதனது தப்பு, இந்தம்மா அத நம்பி எழுதிட்டாங்கன்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இப்பவே ஓனருக்கு அனுப்பிடறேன். இல்ல, உங்க புக்கு கரெக்டுன்னா, இவங்க ஒத்துக்கினதும் கரெக்டு. லெட்டர்ல சைன் பண்ணட்டும்.”

எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் பார்வை அந்தத் தாளின் மேல் இருந்தது.

என் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு அந்த வாரம் அச்சுக்குப் போவதாக இருந்தது. ‘என் புத்தகம் தப்பு’ என்று என் கையால் எழுதி, அது வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் சுற்றினால்? பேனாவைத் திறந்தேன். மூடினேன். “கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்” என்றேன்.

“டேக் யுவர் டைம் சார். அஞ்சி மணி வரைக்கும் இருக்குது” என்றார் மேனேஜர்.

காலை 11.15, ஹோட்டல் வாசல்.

சண்டை போட வந்தவன் காபி குடித்துவிட்டு வெளியே வந்து நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. மேனேஜரைத் திட்டினேன், ஓனரைத் திட்டினேன், அந்த முகம் தெரியாத வெளிநாட்டு அம்மாளையும் திட்டினேன். எஸ்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“எழுதிக் குடுத்திருக்கலாம் சார்.”

நான் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“எந்த வெளிநாட்டுக்காரரு கோவமும் பறந்துடும்னு போட்டிருக்கீங்களே, அத யார் சார் உங்ககிட்ட சொன்னது?”

“யாரும் சொல்லல. படிக்கிறவங்களுக்கு ஒரு தைரியம் வரட்டுமேன்னு நானாத்தான் சேத்தேன்.”

“வெளிநாட்டுக்காரங்ககிட்ட நீங்க பேசியிருக்கீங்களா சார்?”

ஐம்பத்திரண்டு வயதில், நடுத்தெருவில், என்னிடம் இப்படி ஒரு கேள்வி. இல்லை என்றேன். ஒருவரிடம்கூடப் பேசியதில்லை. எல்லாச் சொற்களையும் இன்டர்நெட்டில் பார்த்துத் திரட்டினேன். எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சரியாகப் போயிருக்கும்.

அன்வர் பாய்தான் நடுவில் புகுந்தார். “ஏம்மா, அந்த வெள்ளக்கார அம்மாவ, நீங்க உள்ள இருந்த நேரத்துல, நான்தான திருப்பருத்திக்குன்றத்துல வுட்டுட்டு வந்தேன். ஜைனக் கோயில் பாக்கணும்னாங்க. பன்னெண்டு மணிக்கு நான் போயி கூட்டியாரணும். நேராப் போயி கேட்டுடலாமே. கேக்கறதுல இன்னா தப்பு?”

“கெஸ்ட்டுகிட்ட பேசினா அதுக்கும் சேத்து கம்ப்ளெய்ன்ட்டுன்னாரு பாய்.”

“இப்ப மட்டும் வேல நிக்குதாம்மா?”

எஸ்தர் ஃபைலை இடுக்கிக்கொண்டார். பிறகு ஆட்டோவில் ஏறினார். அவர் ஏறிய பிறகு நான் ஏறாமல் இருக்க முடியவில்லை.

பகல் 11.50, திருப்பருத்திக்குன்றம்.

ஊரைத் தாண்டி மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. சின்ன ஊர். சமணக் குடும்பங்கள் இன்னும் இருக்கிற தெரு, அதன் நடுவே கோயில். மண்டபத்தின் கூரை முழுக்க ஓவியம். தீர்த்தங்கரர்களின் கதை கட்டம் கட்டமாக ஓடுகிறது. சிவப்பும் மஞ்சளும் சில இடங்களில் நேற்றுப் பூசினது போலவும், சில இடங்களில் சுண்ணாம்போடு உதிர்ந்தும் இருந்தன. நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். நான் பார்க்கவில்லை. மதியம் பூட்டப்போகிறோம் என்று காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மாள் மண்டபத்தில் ஒரு தூணோரம் நின்று கழுத்தை வளைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு, எழுபது வயது. நரைத்த கிராப்பு, பருத்திச் சட்டை. பெயர் அன்னெகே என்று எஸ்தர் ஆட்டோவிலேயே சொல்லியிருந்தார். நான் முந்திக்கொண்டேன். நூற்றிருபது சொல் எழுதியவன் அல்லவா? பக்கத்தில் போய் நின்றதும் எல்லாம் மறந்துவிட்டது. புத்தகத்தின் முதல் பக்கம் மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

“ஹே கைஸ்!” என்றேன்.

தனியாக நிற்கிற ஒரு மூதாட்டியைப் பார்த்து, ‘என்ன பசங்களா’ என்கிற மாதிரி. அவர் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். அசடு வழிய நின்றேன்.

எஸ்தர் என்னைத் தாண்டி முன்னால் வந்தார். “மேடம், குட் மார்னிங்” என்று ஆரம்பித்து, சின்னச் சின்ன வாக்கியமாக, தெருப்பேச்சு ஒன்றுமில்லாத பள்ளிக்கூட இங்கிலீஷில் பேசினார். நான் உங்கள் புடவையை இஸ்திரி போடவில்லை. அன்று ராத்திரி நான் வேலையில் இல்லை. காலையில் உங்கள் போட்டோவை முதலில் பார்த்தது நான். எங்கள் வீட்டில் முதலில் பார்த்தவர்தான் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். அதனால் அப்படி எழுதினேன். இப்போது எனக்கு வேலை போகிறது. நீங்கள் என் மேல் புகார் கொடுத்தீர்களா? கடைசிக் கேள்வியை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

அன்னெகே கூரையை மறந்துவிட்டார். அவர் பேசியது எனக்கு முழுதும் புரிந்தது, ஏனென்றால் அவரும் மெதுவாகத்தான் பேசினார். நெதர்லாந்தில் தபால் ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவராம். ஆங்கிலம் அவருக்கும் பள்ளியில் படித்த மொழிதானாம். ‘மை பேட்’ என்று பார்த்ததும், யாரோ நல்லவிதமாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று மட்டும் நினைத்தாராம். நான் புகார் கொடுக்கவே இல்லை, இந்தக் கரையைத் திரும்ப நெய்ய முடியுமா என்றுதான் கேட்டேன் என்றார். மேனேஜர் அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா? புடவையை எரித்த பெண்ணை அன்றைக்கே நீக்கிவிட்டோம், இனி கவலை வேண்டாம் என்று. அவருக்காகத்தான் நீக்கியதாம்.

“புடவையை யாரிடம் கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். மேனேஜரிடம்தான் கொடுத்தேன். அவர்தான் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்” என்றார் அன்னெகே. அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. இவ்வளவு நேரம் நான் போட்ட கூச்சலெல்லாம் சேர்ந்தாலும் அந்தச் சிவப்புக்கு ஈடாகாது. “வாங்க போகலாம்” என்று அவரே முதலில் ஆட்டோவில் ஏறினார்.

பகல் 12.40, மறுபடியும் ஹோட்டல்.

அன்னெகேயை முன்னால் பார்த்ததும் மேனேஜருடைய ‘சில்’ எல்லாம் இறங்கிவிட்டது. வியாழக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு யாரிடம் புடவை கொடுத்தேன் என்று அன்னெகே கேட்டார். இந்தப் பெண் அப்போது இங்கே இருந்தாரா என்று கேட்டார். இஸ்திரிப் பெட்டியைக் காட்டுங்கள் என்று கேட்டார். மேனேஜர் பூசி மெழுகப் பார்த்தார். சலவை அறை பூட்டியிருக்கிறது என்றார், சாவி வேறு ஆளிடம் என்றார். கடைசியில் இஸ்திரிப் பெட்டியில் சூடு நிற்காமல் ஏறுவது இரண்டு மாதமாக எல்லோருக்கும் தெரியும், ரிப்பேருக்குக் கொடுக்க மறந்துவிட்டேன் என்று அவர் வாயாலேயே வந்தது. ஓனருக்கு யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. எழுத்தில் ஒரு ‘என் தப்பு’ கையில் கிடைத்தது. எடுத்துக்கொண்டார்.

எனக்கு வந்த கோபத்தில் மேஜையைக் குத்தினேன். “ஒரு பொண்ணு வேலையோட விளையாடுறியாய்யா?” என்று கத்தினேன். காலையில் அதே மேஜையில் பேனாவை மூடியவன்தான் நான். மேனேஜர் அதை நினைத்திருப்பார், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“ஓகே ஓகே. ஓனர்கிட்ட நான் பேசிக்கறேன்” என்று எஸ்தர் பக்கம் திரும்பினார். “நாளைக்கு டியூட்டிக்கு வந்துடு. ஆனா ரெக்கார்டுக்கு ஒரு லெட்டர் வேணும். கெஸ்ட்டுக்கு அன்னெசெசரியா மெசேஜ் போட்டதுக்கு மன்னிப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடு. அவ்ளோதான். ஃபினிஷ்.”

எழுதிக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். பிறந்ததிலிருந்து ‘என் கை’ சொல்லி வளர்ந்தவர், வேலையும் திரும்பக் கிடைக்கிறது, இரண்டு வரிதானே. எஸ்தர் தாளை வாங்கினார். காலையில் எனக்கு நீட்டிய அதே தாள். அங்கேயே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தமிழில் எழுதினார். எழுதியதை மேனேஜர் பார்ப்பதற்கு முன் எனக்குக் காட்டினார்.

‘வியாழக்கிழமை இரவு நான் வேலையில் இல்லை. அந்தப் புடவையை நான் தொடவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வருகிறேன்.’

கீழே கையெழுத்து. மன்னிப்பு என்ற சொல் எங்கேயும் இல்லை. மேனேஜர் படித்தார், அன்னெகேயைப் பார்த்தார், தாளை ஃபைலில் வைத்தார். மேஜை மேல் அடித்து வைத்திருந்த ராஜினாமாக் கடிதத்தை எஸ்தரே எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

மாலை 4.30, பஸ் ஸ்டாண்ட்.

அன்னெகேயை எஸ்தர் தன் அப்பாவிடம் கூட்டிப்போனார், கரையைச் சரிசெய்ய வழியிருக்கிறதா என்று பார்க்க. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஏகாம்பரநாதர் கோயிலுக்கு நடந்தேன், நடை திறக்க நாலு மணி ஆகும் என்றார்கள். வாசலில் செருப்பு விட ஐந்து ரூபாய். திறந்ததும் பிராகாரத்தை ஒரு சுற்று வந்து, சாமியைப் பார்க்காமலே திரும்பினேன். நின்று கும்பிட மனசு வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் பஸ் நின்றிருந்தது. அதே அறுபத்தெட்டு ரூபாய், இந்தத் தடவை சில்லறை சரியாக இருந்தது. பஸ் கிளம்பியதும் பதிப்பாளருக்குப் போன் போட்டேன். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரியை எடுக்க வேண்டும், எடுக்கிற வரைக்கும் அச்சு ஓட்ட வேண்டாம் என்றேன்.

“எந்த வரி சார்?”

“வெளிநாட்டுக்காரர் கோபம் பறந்துவிடும்னு இருக்கே, அது.”

“சார், அந்த மாதிரி வரிங்களுக்குத்தான் ஜனங்க புக்க வாங்கறாங்க.”

“பொய்யி. நான் கட்டி எழுதினது. எடுத்துடுங்க” என்றேன். அந்த மாதிரி இன்னும் எத்தனை வரி இருக்கிறது என்று அவர் கேட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

திண்டிவனத்தில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. முகத்துக்கு நேரே கேட்கிற ஆள், தப்பென்றால் விடமாட்டார் என்பார்கள். அந்தப் பெயரை நம்பித்தான் காலையில் பஸ் ஏறினேன். அன்றைக்கு முழுக்கக் கண்டக்டரில் ஆரம்பித்து மேனேஜர் வரைக்கும் எத்தனை பேரிடம் கோபப்பட்டேன்! காபிக்காகக்கூடக் கோபப்பட்டேன். எஸ்தர் ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தாமல் தன் வேலையைத் தானே மீட்டுக்கொண்டார். பஸ் செவிலிமேட்டைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போதுதான் அது உறைத்தது. விதவிதமாக ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்க ஊருக்கே சொல்லிக்கொடுத்தவன், அந்தப் பெண்ணிடம் தமிழில் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

அவர் நம்பரைப் போட்டேன். நாலைந்து தடவை மணி அடித்த பிறகு எடுத்தார். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“பஸ் கெடச்சிதா சார்?”

“கெடச்சுதும்மா. எஸ்தர், ஒண்ணு சொல்லணும். காலையில அந்தத் தாள்ல நான் எழுதியிருக்கணும். எழுதாம விட்டுட்டேன். புத்தகத்துல பொய் எழுதினதும் நான்தான். மன்னிச்சுக்குங்க. தப்பு என்னோடது.”

அப்படியெல்லாம் இல்லை சார் என்பார், பரவாயில்லை சார் என்பார் என்று காத்திருந்தேன். மற்றவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். தறி நின்றது. யாரிடமோ கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டு அவர் போனுக்கு வந்தார்.

“ஆமா சார்” என்றார். “உங்களோடதுதான்.”